கோத்துப் போட்ட அடுப்புக்கு யார் பொறுப்பு?

2023 ஆகஸ்ட் 26, அதிகாலை. லக்னோவிலிருந்து கோயில் யாத்திரை வந்தவர்களின் ரயில் பெட்டி ஒன்று மதுரை யார்டில் தனியாக நிறுத்தப்பட்டிருந்தது. விடிவதற்கு முன் தேநீர் போடலாமென்று, யாருக்கும் தெரியாமல் ஏற்றி வந்திருந்த எரிவாயு சிலிண்டரைப் பற்றவைத்தார்கள். பெட்டி எரிந்தது. ஒன்பது பேர் இறந்துபோனார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியூர் போகும்போது அடுப்பையும் கூடவே எடுத்துப்போகும் பழக்கம் நமக்கும் உண்டு. குலதெய்வம் கோயிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ வேன் பிடித்தால் பாத்திரம், அரிசி, பருப்போடு வீட்டு சிலிண்டரும் பின்சீட்டுக்கு அடியில் போய்விடும். இப்போது அதற்கு ஒரு புது வடிவம் வந்திருக்கிறது. கொல்லிமலைக்கும் ஏலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் இளைஞர்கள் முதுகுப்பைக்குள் ஒரு சமையலறையையே மடித்து வைத்துக்கொள்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் பர்னர், பூச்சிமருந்து டப்பா போலிருக்கும் பியூட்டேன் கேன், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்கள், மடக்கும் காற்றுத் தடுப்பு, இந்த கேனை அந்த பர்னரில் மாட்ட ஒரு அடாப்டர். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிக் கோத்துக்கொள்ளலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பையில் இடமும் மிச்சம்.

நல்ல வசதிதான். ஆனால் பொருளைத் துண்டு துண்டாக வாங்கும்போது பொறுப்பும் துண்டு துண்டாகிவிடுகிறது. கசிவு பெரும்பாலும் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில்தான் வருகிறது. அந்த இடத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்ல எந்த விற்பனையாளரும் இருப்பதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பர்னரை ஒரு கடையிலும், கேனை வேறொரு கடையிலும், இரண்டையும் இணைக்கும் அடாப்டரை இணையத்திலும் வாங்கியிருந்தேன். மலையில் ஒரு சாயங்காலம் அதை மாட்டித் திருகியதும் மெல்லிய சீறலோடு எரிவாயு வாடை வந்தது. தீக்குச்சி கிழிப்பதற்கு முன்பே மூக்கில் ஏறியதால் தப்பித்தோம். அடாப்டருக்குள் இருந்த ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. பர்னர் கடைக்காரர் கேன்தான் சரியில்லை என்றார். கேன் விற்றவர் அடாப்டரைக் கைகாட்டினார். அடாப்டர் வந்த பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லை. பில்லும் என்னிடம் இல்லை. அந்தப் பெட்டியை எத்தனை முறை புரட்டிப் பார்த்தேன் என்று சொல்லி முடியாது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். பாத்திரம், கரண்டி, மேசை, காற்றுத் தடுப்பு இவற்றை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக் கோக்கலாம். அழுத்தத்தில் எரிவாயு ஓடும் பாகங்களை மட்டும் அப்படிக் கோக்கக் கூடாது. பர்னர், வால்வு, ரெகுலேட்டர், டியூப், கேன் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவற்றை முடிந்தவரை ஒரே பில்லில் வாங்க வேண்டும். அடாப்டர் போட்டால்தான் சேரும் என்ற நிலை வந்தால் அந்த இரண்டும் சேர வேண்டியவை அல்ல என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டர் எரிவாயுவைக் குறைந்த அழுத்தத்தில்தான் விடும். டீக்கடையிலும் கல்யாண சமையலிலும் பார்க்கும் திருகு ரெகுலேட்டர் அதிக அழுத்தம் தரும். வீட்டு அடுப்பில் அதை மாட்டினால் பர்னரை விட்டுத் தீ எழும்பும், டியூப் நழுவும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். வேனுக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் அடுப்பு கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

குளிரும் ஒரு வினை. பியூட்டேன் சுமார் பூஜ்ஜியம் டிகிரியில்தான் திரவத்திலிருந்து ஆவியாகிறது; துல்லியமாகச் சொன்னால் மைனஸ் 0.5. ஊட்டியில் உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் பியூட்டேன் கேன் நிறைந்திருந்தாலும் தீ சுணங்கும். கேன் தீர்ந்துவிட்டதென்று நினைத்துக் குலுக்குவார்கள், பிறகு சூடேற்றப் பார்ப்பார்கள். வெந்நீரில் வைப்பதும் இன்னொரு அடுப்பருகே வைப்பதும் கேனை வெடிகுண்டாக்கும் வேலை. மலைக்குளிருக்குப் போகிறவர்கள் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேனைக் கேட்டு வாங்க வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும்.

பெட்டி போன்ற பக்கவாட்டு அடுப்பில் கேன் பர்னருக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். அதன்மேல் பெரிய தோசைக்கல்லை வைத்தால் கல்லின் விளிம்பு கேன் அறையையும் மூடிவிடும். சூடு திரும்பிக் கேன் மேல் இறங்கும். இரண்டு அடுப்புகளைச் சேர்த்து வைத்து ஒரே பெரிய தட்டில் மீன் வறுப்பதும் இதே ஆபத்துதான். காற்றுத் தடுப்பைக் கேனையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுவதும் அப்படியே. அழுத்தம் கூடினால் கேனைத் தானே துண்டிக்கும் அமைப்பு உள்ள அடுப்புகள் வருகின்றன. இருநூறு முந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். கேனைக் கையால் தொட முடியாத அளவு சூடேறினால் உடனே அணைத்துவிடுங்கள். தீர்ந்த கேனில் சிலிண்டரிலிருந்து எரிவாயு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் செய்த தகரம் அது.

கரி அடுப்பில் தீ தெரியாது, ஆனால் ஆபத்து அதிகம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் இறைச்சி சுட்ட கரி அடுப்பை வைத்துவிட்டு உறங்கிய இரண்டு இளைஞர்கள் விழிக்கவே இல்லை. தணல் புகையாமல் கனன்றாலும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். குளிர்கிறதென்று கூடாரத்தின் வாயைச் சாத்திக்கொண்டு தணலை உள்ளே இழுத்து வைப்பது, தெரிந்தே மூச்சை நிறுத்திக்கொள்வதற்குச் சமம். எந்த அடுப்பானாலும் கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி, திறந்த வெளியில் இருக்கட்டும்.

சட்டம் எங்கே அடுப்பைத் தடுக்கிறது என்பதையும் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். ரயிலில் சிலிண்டரோ கேனோ கொண்டுபோவது ரயில்வே சட்டம் 1989இன் 164ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் விளையும் சேதத்துக்கும் எடுத்துவந்தவரே பொறுப்பு. விமானத்தில் எரிவாயு கேனைக் கைப்பையிலும் பெட்டியிலும் ஏற்ற முடியாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி குற்றம். சரணாலயத்துக்கு ஆபத்தாகும் வகையில் தீ மூட்டுவதையும் தீயை அணைக்காமல் விட்டுப்போவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 தடுக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, அதே ஆண்டு தமிழகத்தில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. அனுமதிச் சீட்டு வாங்கும்போதே சமைக்கலாமா, எங்கே சமைக்கலாம் என்று வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். சமைக்கக் கூடாது என்றால் கட்டுச்சோறு இருக்கிறது. புளியோதரை இரண்டு நாள் தாங்கும்.

வேனில் போகும் குடும்பங்கள் வீட்டின் 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிப்போவதை நிறுத்த வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் நுகர்வோருக்காக எடுத்திருக்கும் காப்பீட்டில் எரிவாயு விபத்தில் இறந்தவருக்கு 6 லட்சம் ரூபாய் வரையும், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரையும் உண்டு. சொத்துச் சேதத்துக்கான இழப்பீடோ பதிவு செய்த முகவரியில் நடந்த விபத்துக்கு மட்டும்தான். வேன் எரிந்தால் அந்தச் சேதத்துக்கு அந்தக் காப்பீட்டில் எதுவும் கிடைக்காது. பயணத்துக்கு வேண்டுமென்றால் 5 கிலோ சிலிண்டரே வழி. இந்தியன் ஆயிலின் ‘சோட்டு’, இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் ‘அப்பு’ போன்றவற்றை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். தெருமுனையில் வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பித் தரும் குட்டி சிலிண்டர்கள் சட்டவிரோதமானவை. அவற்றில் அழுத்தச் சோதனையும் கிடையாது, பாதுகாப்பு வால்வுக்கு உத்தரவாதமும் கிடையாது.

எந்த சிலிண்டரானாலும் கழுத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தைப் பாருங்கள். ஏ, பி, சி, டி ஆகிய ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். சி போட்டு 27 என்றிருந்தால் 2027 செப்டம்பரோடு சோதனைக் கெடு முடிகிறது. கெடு தாண்டியதை வாங்க மறுப்பது உங்கள் உரிமை.

வீட்டு எரிவாயு அடுப்புக்கு ஐஎஸ் 4246, ரப்பர் டியூபுக்கு ஐஎஸ் 9573, பிரஷர் குக்கருக்கு ஐஎஸ் 2347 என்று இந்தியத் தரநிலைகள் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே இந்த எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்கும். முத்திரையைப் போலியாக அச்சடிப்பது எளிது, உரிம எண்ணைப் போலி செய்வது கடினம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைத் தட்டினால் எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுத்த உரிமம், இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். புகாரும் அதிலேயே செய்யலாம். ஐஎஸ்ஐ கட்டாயமான குக்கர்களை முத்திரை இல்லாமல் விற்க இடம்கொடுத்த பெரிய இணைய விற்பனைத் தளங்கள் மீது 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லிப் பொருளைத் திரும்பப்பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. ‘நாங்கள் வெறும் சந்தை, விற்றவர் வேறு’ என்ற வாதத்துக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

அடுப்பு வெடித்துக் காயம்பட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பொருள் பொறுப்புப் பகுதி உங்களுக்குத் துணை. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ கோளாறு இருந்தாலும், சரியான எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் தரப்படாவிட்டாலும் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரிப்பாளரையே கண்டுபிடிக்க முடியாவிட்டால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். என் அடாப்டர் பெட்டியைப் போன்ற பெயரில்லாப் பெட்டிகளுக்கு எழுதப்பட்ட பிரிவு அது.

அதே சட்டத்தின் 87ஆம் பிரிவை வாங்கும் முன்பே தெரிந்துவைத்திருங்கள். விபத்தின்போது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர்மேல் வழக்கு நிற்காது. இன்னொரு பொருளில் சேர்க்கும் பாகமாக ஒன்றை விற்று, தேவையான எச்சரிக்கையையும் தந்திருந்தால், எச்சரிக்கவில்லை என்று அதன் தயாரிப்பாளரைக் குற்றம் சொல்ல முடியாது. மது மயக்கத்தில் பயன்படுத்தியவருக்கும் அந்த வாதம் கிடைக்காது. மூன்று கடையில் வாங்கி அடாப்டரால் கோத்து, மலைமேல் குடித்துவிட்டுப் பற்றவைக்கிறவருக்குச் சட்டத்தில் எவ்வளவு குறைந்த இடம் மிஞ்சுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கசிவோ விபத்தோ நடந்துவிட்டால் முதலில் உயிர்: 108க்கு அழையுங்கள், தீக்காயத்தில் மாவும் பேஸ்ட்டும் பூசாமல் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906. பிறகு பொருளைப் பிரிக்காமல், மாட்டியிருந்த நிலையிலேயே படமெடுங்கள். கோபத்தில் கடைக்காரரிடம் வீசிவிட்டு வந்தால் உங்கள் ஒரே சாட்சி அவர் கைக்குப் போய்விடும். பெட்டி, பில், ஆர்டர் விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) நகலும், புகார் கொடுத்ததற்கான காவல் நிலையத்தின் சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கியது என்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டும்போது உங்கள் பையில் அடாப்டர் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.