ஏலச்செடியும் இலைக்குள் இருக்கும் பூட்டும்

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கமாக மலையேறுகின்றவர்கள் ஏலச்செடியைப் பெருமரங்களின் நிழலிலேயே காண்பார்கள். அம்மரங்களுள் ஒன்று காற்றிலே சாய்ந்துவிட்டால், கீழே நின்ற ஏலத்தின் இலைகள் மஞ்சளித்து விளிம்பு கருகுகின்றன. வெயிலன்றோ செடிக்கு உணவு தருவது? அது மிகுந்தால் செடி ஏன் வாட வேண்டும்? ஏலத்தை நம்பி வாழ்பவருக்கு இது விளைச்சலைப் பற்றிய கேள்வி. ஈரம் வற்றுவது ஒரு காரணம். மற்றொன்று இலையின் பச்சையவுருமணிகளுக்குள்ளே இருக்கின்றது.

வெயில் பட்டதும் அம்மணிகள் நீரிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுத்து ஓடவிடுகின்றன. ஒரு பொருள் இலத்திரனைப் பெறுதலைத் தாழ்த்தல் என்றும், இழத்தலை ஒட்சியேற்றம் என்றும் இரசாயன நூலார் கூறுவர். சர்க்கரை ஆக்கும் நொதியங்கள் சிலவற்றில் இரு கந்தக அணுக்கள் தாழ்ப்பாள் போலப் பிணைந்திருக்கின்றன. காலையில் தயோரெடொக்சின் என்னும் சிறு புரதம் இலத்திரன்களைக் கொண்டுவந்து அத்தாழ்ப்பாளைத் திறக்கின்றது. 1964இல் பற்றீரியாவில் இனங்காணப்பட்ட இப்புரதம் பச்சையவுருமணியில் ஆற்றும் தொழிலை, கலிபோர்னியாவில் புக்கானன் என்பாரும் அவர் துணைவரும் 1970களில் விளக்கினர்.

மாலையில் தாழ்ப்பாளை இடுவது யார்? இக்கேள்வி நெடுங்காலம் விடையின்றி இருந்தது. தாழிடாவிட்டால், செடி பகலில் சேர்த்ததை இரவில் வீணே செலவிடும். ஐதரசன் பரவொட்சைட்டை அழிக்கும் பெரொக்சிரெடொக்சின் என்னும் புரதமே இதற்குத் துணை செய்கின்றது என்று 2018இல் ஆய்வாளர் காட்டினர். நஞ்சென்று நாம் எண்ணிய பொருளுக்கும் ஒரு வேலை இருந்திருக்கின்றது!

இப்பூட்டு சர்க்கரைக்கு மட்டும் உரியதன்று. பச்சையம் ஆக்கும் நொதியங்களையும் ஆளுகின்றது. ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரில் செகூடோ குழுவினர், சேமித்த சர்க்கரையின் ஆற்றலைக் கொண்டு இருளிலும் பெரொக்சிரெடொக்சினைத் தாழ்த்தவல்ல ஒரு புரதத்தை 2004இல் நெல்லில் கண்டனர். அப்புரதமற்ற கடுகினத்துச் சிறுபூண்டு ஒன்று வெளிறிக் குன்றி வளர்ந்தது; பகற்பொழுது குறுகினால் இன்னும் மெலிந்தது. ஆனால், அதே பூண்டில் பெரொக்சிரெடொக்சினையும் குறைத்தபோது வளர்ச்சி பெரிதும் மீண்டது. இது 2017இல் வெளிவந்த முடிவு. பகலிலும் தாழ்ப்பாள் விழுந்து கிடந்ததே குறைக்குக் காரணமென்று அதனால் தெளிவாயிற்று.

இனி ஏலத்துக்கு வருவோம். நிழலில் விரிந்த இலை, சிறிதளவு ஒளியையும் தவறவிடாது பிடிக்கும்படி அமைந்தது. திடீரென முழு வெயில் விழுந்தால் இலத்திரன்கள் பெருகி, போக வழியின்றி, ஒட்சிசனைச் சேர்கின்றன. அதனாற் பிறக்கும் பரவொட்சைட்டு முதலியன அளவு மீறும்போது, ஒளிபிடிக்கும் பொறியே பழுதடைந்து இலை மஞ்சளிக்கின்றது.

எனினும் செடி கைகட்டி நிற்பதில்லை. இலத்திரன் ஓட்டத்தின் நெருக்கடியை உணர்ந்து பச்சையவுருமணி தன் மரபணுக்களின் வேலையையே மாற்றிக்கொள்கின்றது என்பதைக் கடுகு நாற்றுகளைக் கொண்டு 1999இல் கண்டறிந்தனர். அவ்வாறு மாறுவதற்கு அவகாசம் வேண்டும். ஆகவே நிழல் மிகுந்த இடத்தில் மரத்தை அடியோடு வெட்டாமல், மழைக்காலத்தை ஒட்டிக் கிளைகளைச் சிறிது சிறிதாகக் கழிப்பதே ஏலத்துக்கு ஏற்றது.