பரீட்சைக்கு ஒரு கடற்கரை

மாசி பிறந்துவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் வீடுகளில் நள்ளிரவு வரை விளக்கு அணைவதில்லை. தாயார் காபி கலந்து கொண்டுவந்து வைக்கிறாள். பிள்ளையோ 1517, 1789, 1917 என்று வருஷங்களை ஜபம் செய்துகொண்டிருக்கிறான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் விழிக்கிறான். உலக சரித்திரம் என்பது யாரோ தூர தேசத்தார் போட்ட சண்டை என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்பது நமது அபிப்பிராயம். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை அப்படி எண்ணுவதற்கு நியாயமே இல்லை.

கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே ஒதுங்கிய சிற்றூர். கி.பி. முதல் நூற்றாண்டில் 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூலை எழுதிய கிரேக்கன், அது பாண்டியனுக்கு உரியது என்றும், அங்கே தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளிக்கிறார்கள் என்றும் குறித்திருக்கிறான். இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தைக் கவர்ந்து செல்வதாக ரோமாபுரியின் பிளினி அதே நூற்றாண்டில் அங்கலாய்த்தான். சீமாட்டிகளின் நகை ஆசைக்கு நம்மவர் என்ன செய்வார்கள்!

மாணாக்கர் மிகவும் தடுமாறும் இடம் ஐரோப்பிய மதச் சீர்திருத்தம். அதை இக்கரையிலிருந்து பார்த்தால் முடிச்சு எளிதில் அவிழும். 1517-ல் லூதர் கிளப்பிய கலகத்துக்குப் பின் கத்தோலிக்க சபை புத்துயிர் தேடியது. 1540-ல் இயேசு சபைக்குப் போப்பாண்டவரின் அங்கீகாரம் கிடைத்தது. அச்சபையின் முதல்வர்களில் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போர்த்துக்கேசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். 1658-ல் துறைமுகத்தைப் பிடித்த டச்சுக்காரரோ லூதருக்குப் பின்வந்த சீர்திருத்தக் கட்சியார். ஐரோப்பாவின் பிளவு முழுவதும் நம் கரையில் வந்து இறங்கியதைப் பிள்ளைகள் காணலாம்.

பிரெஞ்சுப் புரட்சியும் அவ்வாறே. புரட்சிப் படை ஹாலந்துக்குள் புகுந்த 1795-ஆம் வருஷத்தில்தான் ஆங்கிலேயர் டச்சுக்காரரின் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். நெப்போலியன் வீழ்ந்தபின் 1818-ல் திருப்பிக் கொடுத்து, 1825-ல் நிரந்தரமாக வாங்கிக்கொண்டனர். பாரிஸில் மூண்ட தீயால் இங்கே கொடி மாறிற்று.

சென்ற வாரம் ஒரு மாணவனிடம், "ஏகாதிபத்தியம் என்றால் என்ன, தம்பி?" என்று கேட்டோம். புத்தக வரையறையை மூச்சு விடாமல் ஒப்புவித்தான். "உன் ஊரிலிருந்து ஓர் உதாரணம் சொல்" என்றதும் மௌனம். வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சிலையைக் கடந்து தினந்தோறும் பள்ளி செல்லும் பிள்ளை அவன்! 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானதையும், அதை முறியடிக்க வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனதையும், 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததையும், அதே வருஷம் பிள்ளையவர்கள் சிறை புகுந்ததையும் நினைவூட்டினோம்.

பையன் சற்று யோசித்தான். "அந்த மில்லில் நூற்ற நூல் எங்கே போயிற்று?" என்று கேட்டான். தேசப்படத்தை விரித்தோம், காபி ஆறிப்போயிற்று.