பெயருக்குச் சாட்சி ஒரு கண்ணாடித் துண்டு

திண்டுக்கல் பட்டறைகளில் மாங்காய்ப் பூட்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? இருவர் ஆளுக்கொரு பூட்டைக் காட்டி, "இதுதான் அசல்" என்று வாதாடினால் எப்படித் தீர்ப்பது? முதன்முதலில் செய்த பூட்டை யாரேனும் எடுத்து வைத்திருந்தால் வேலை எளிது. அதன் பக்கத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம்.

உயிரினங்களுக்குப் பெயரிடும் அறிவியலாரும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் காப்பாற்றி வைக்கும் அந்த முதற்பொருளுக்கு 'வகை மாதிரி' என்று பெயர். வருணனை குறையுடையதாக இருந்தாலும், பெயர் அந்த மாதிரியோடு கட்டுண்டது.

சமவெளியில் வாழும் நமக்குக் கடல் தூரந்தான். ஆயினும் நம் ஊர்ச் சந்தைக்கு ஐஸில் வரும் வளர்ப்பு இறாலை நினைத்துக் கொள்ளுங்கள். அது கண்ணுக்கு எட்டாத குஞ்சாக இருந்தபோது தின்ற உணவு, டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசி. கீழ்ப்பெட்டி, மேல்மூடி போன்ற இரு கண்ணாடி ஓடுகளுக்குள் வாழும் உயிர் இது. இறால் பொரிப்பகங்களில் வளர்க்கும் டயாட்டங்களுள் ஒன்று ஸ்கெலிடோனீமா. சிறு உருளைகள் மெல்லிய கண்ணாடித் தண்டுகளால் கோக்கப்பட்டு, மணிமாலைபோல் நீரில் மிதக்கும்.

இதன் மிகப் புகழ்பெற்ற இனம் ஸ்கெலிடோனீமா காஸ்டேட்டம். எடின்பரோவில் வாழ்ந்த ராபர்ட் கே கிரெவில், ஹாங்காங்கிலிருந்து கிடைத்த பொருளில் இதைக் கண்டு, 1866இல் மெலோசிரா காஸ்டேட்டா என்று பெயரிட்டார். அவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் சுவீடன் நாட்டு கிளீவ் இதை ஸ்கெலிடோனீமா பேரினத்துக்கு மாற்றினார். (ஹோல்மியம், தூலியம் என்னும் தனிமங்களைக் கண்ட வேதியியலார் கிளீவும் இவரே!) அதனால்தான் இப்பெயருக்குப் பின்னால் கிரெவில் பெயரை அடைப்புக்குறிக்குள்ளும், கிளீவ் பெயரை வெளியிலும் எழுதுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல், உலகக் கடல்களில் எங்கே இத்தகைய மாலை தென்பட்டாலும் 'காஸ்டேட்டம்' என்றே எழுதினார்கள். நம் கடற்கரைப் பட்டியல்களிலும் இப்பெயர் உண்டு. சாதாரண நுண்ணோக்கியில் எல்லாம் ஒன்றுபோலத்தானே தெரியும்! அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2005இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள், லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையைச் சேர்ந்தவரோடு கூடி, கிரெவில் விட்டுச்சென்ற பொருளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தண்டு மூடிய குழாயா, நீளவாக்கில் பிளந்ததா, எதிர்த்தண்டோடு எப்படி இணைகிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். கிரெவிலின் ஹாங்காங் பொருளிலேயே இரண்டு இனங்கள் இருந்தன! வகை மாதிரிக்கு உரியது காஸ்டேட்டம் என்ற பெயரைத் தக்கவைத்துக் கொண்டது; மற்றதற்கு அவர் நினைவாக கிரெவிலியை எனப் பெயராயிற்று. அதே ஆண்டில், காஸ்டேட்டம் போலத் தோன்றும் உயிர்களிலிருந்து மரினோயி, டோர்னியை, ஜப்பானிக்கம், கிரேத்தே என இன்னும் நான்கு புதிய இனங்கள் பிரிக்கப்பட்டன.

பெயர் மாறினால் இறாலுக்கு என்ன என்று கேட்பீர்கள். இவ்வினங்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில் ஒன்றுபோல் வளர்வதில்லை. குளிர்க்கடல் ஒன்றில் 'காஸ்டேட்டம்' பற்றிக் கண்ட முடிவை நம்பி, வெப்பம் மிகுந்த நம் கரையில் ஒருவர் தொட்டியை நிரப்பினால், அவர் வளர்ப்பது வேறு இனமாக இருக்கலாம். 2005க்கு முந்திய ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பெயரைப் படிக்கும்போது எந்த இனம் என்று கேட்கவேண்டியிருக்கிறது. ஆய்வாளர் ஒரு துளியையாவது கண்ணாடித் துண்டில் பதித்து வைத்திருந்தால் இன்றும் விடை காணலாம். கீழே ஊற்றிவிட்டிருந்தால், கட்டுரையில் இருப்பது வெறும் பெயர்தான்.