எழுபது ரூபாய் வானொலிப் பெட்டி

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்கும் போடிமெட்டுக்கும் ஏறும் சரிவுகளில் ஏலம் பயிரிடுவோருக்குக் காலத்தில் கிட்டும் செய்தி, உரத்திற்கு ஒப்பானதாகும். மழையின் வரவையும் காயின் விலையையும் அறியாதவர் விளைவிலும் விற்பனையிலும் இழப்படைவர். இத்தகைய செய்தியைச் சிற்றூர்களுக்குக் கொணர்ந்த சாதனம் வானொலி. அதனைத் தமிழகத்திலேயே மலிவாகச் செய்ய முயன்ற தொழில் ஒன்றின் வரலாறு பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

கோவையை அடுத்த கலங்கலில் உழவர் குடும்பத்தில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். யு.எம்.எஸ். என்னும் அந்நிறுவனம் வளர வளர, பழுது பார்க்கும் பட்டறையும் வளர்ந்தது. கழற்றிப் பூட்டிப் பழகிய கைகள் புதியன செய்யவும் துணிந்தன. ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய இயலும் என்று 1941-இல் நாயுடு அறிவித்தார். யு.எம்.எஸ். என்ற பெயர் தாங்கிய வானொலிப் பெட்டிகளும் கோவையிலிருந்து வெளிவந்தன.

ஆயினும், பெட்டி மலிவானால் மட்டும் மலைச்சரிவுக்கு வானொலி வந்துவிடாது. வால்வு, சூடேறி இயங்குவது. மின்சாரத்தை மிகுதியாகக் கொள்வது. மின்கம்பி எட்டாத இடத்தில் மின்கலத்தால் இயங்கும் தனிவகைப் பெட்டி வேண்டியிருந்தது. அதற்கும் வால்வின் இழையைச் சூடாக்க ஒரு கலமும், உயர் அழுத்தம் தர மற்றொரு கலமும் தேவைப்பட்டன. பெட்டி வாங்குவது ஒரு முறைச் செலவு. கலம் மாற்றுவதோ ஓயாச் செலவு.

இத்தடையை நீக்கியது, 1947-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர். டார்ச்சு விளக்குக்குரிய சில கலங்களே அதற்குப் போதும். 1960-களில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் நம் நாட்டில் பரவின. வால்வுப் பெட்டிகளின் காலம் முடிவுற்றது. அதே ஆண்டுகளில், திருச்சி வானொலியின் வாயிலாகப் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். செய்தி உரிய வேளையில் வயலை அடைந்தால் விளையும் பயனுக்கு இது சான்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு. முதலாவது, பஞ்சாயத்து எச்சாதனத்தை வாங்கினும், அது சூரிய விளக்காயினும் நீரேற்றும் பம்பாயினும், விலையை மட்டும் நோக்குதல் கூடாது. இயக்க ஆகும் செலவு என்ன, உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெற்ற பின்னரே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது, பழுது பார்க்கும் கலையை ஊர் இளைஞர் சிலருக்கேனும் கற்பித்தல் வேண்டும். கோவையில் தொழில்கள் தழைத்தது அத்தகைய பட்டறைகளிலிருந்தே ஆகும்.

கைப்பேசி வந்துவிட்ட இந்நாளிலும், காற்றிலும் மழையிலும் கம்பிகள் அறுந்து மலையூர்கள் இருளில் மூழ்கும்பொழுது, இரண்டு கலங்களால் இயங்கும் சிறு பெட்டி கோடைக்கானல் வானொலியின் குரலைக் கொணரும். பஞ்சாயத்து அலுவலகந்தோறும் அத்தகைய பெட்டி ஒன்றும், மாற்றுக் கலங்களும் என்றும் ஆயத்தமாக இருத்தல் நலம்.