ராட்டினம் ஏற எந்த மாதம் நல்லது?

திருவையாற்றிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்வி இது: "மாமா, அப்பா இந்த வருஷம் ஒரே ஒரு தடவைதான் சென்னைப் பக்கம் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவாராம். எந்த மாசம் போனா எல்லா ராட்டினத்திலேயும் ஏறலாம்?"

சபாஷ்! நாள் குறிப்பதற்கு முன்னால் யோசிக்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளைதான். இந்தக் கேள்விக்குள் சூரியன் இருக்கிறது, மழை இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் ஊர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் தண்ணீர் மடை வழியாக உள்ளே பாய்கிறது. இன்னொரு பக்கம் வடிகாலில் வெளியேறுகிறது. வருவதும் போவதும் சமமாக இருந்தால் வயலில் நீர்மட்டம் மாறாது. வரத்து கொஞ்சம் கூடினால் தண்ணீர் ஏற ஆரம்பிக்கும். சரிதானே?

இப்போது கவனமாகக் கேளுங்கள். வரத்து குறையத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வயலில் தண்ணீர் உடனே இறங்கிவிடுமா? இறங்காது. வடிவதைவிட வருவது கொஞ்சமாவது அதிகமாக இருக்கும்வரை, தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதை வைத்தே புரியும்.

சூரியனிடம் போவோம். ஏப்ரல் 18-ஐ ஒட்டிய நாள்களில், பகல் சுமார் 12 மணி 10 நிமிடத்துக்குத் திருவையாற்றில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். குச்சிக்கு நிழலே இருக்காது! சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. சென்னையில் இது ஏப்ரல் 24-ஐ ஒட்டி நடக்கும். நிழலில்லா நாள் என்று இதைச் சொல்கிறார்கள்.

அப்படியானால் வெயிலின் உச்சம் ஏப்ரலில்தானே வரவேண்டும்? ஆனால் அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில்தான் தொடங்குகிறது. மே 28 வாக்கில் முடிகிறது. ஏன் இந்தத் தாமதம்?

வயலை நினைத்தவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். பகலில் தரை வெப்பத்தை வாங்குகிறது. இரவில் விடுகிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே நகர்ந்துவிட்டாலும், தரை விடுவதைவிட வாங்குவதுதான் அதிகம். அதனால் வெப்பம் சேர்ந்துகொண்டே போகிறது. அந்தச் சேமிப்புதான் மே மாதத்தில் நம்மைச் சுடுகிறது.

ஆகஸ்ட் 24 வாக்கில் சூரியன் மறுபடியும் திருவையாற்றின் உச்சிக்கு வரும், தெரியுமா? அப்போது மே மாதம் போல எரிப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்த மேகங்கள் வானில் நிற்கும். மாலையில் இடியுடன் மழையும் பெய்யும். மேகம் வரத்தைக் குறைத்துவிடுகிறது.

சென்னைப் பூங்காக்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக இருக்கிறது எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டு. திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தது. இரண்டுமே கடலுக்குப் பக்கம். கடற்காற்று வந்தால் வெப்பம் சற்று இறங்கும். ஆனால் அந்தக் காற்றில் ஈரம் நிறைய. உள்ளங்கையை நனைத்து ஊதிப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதா? தண்ணீர் ஆவியாகும்போது உங்கள் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வையும் இதே வேலையைத்தான் செய்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகத் திணறும். உடம்பு ஆறாது. ஆகவே மே மாதம் அங்கே வரிசையில் நிற்பது, சின்னப் பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் உண்மையிலேயே ஆபத்து. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

வரிசை என்றதும் கணக்கு வந்துவிட்டது. நோட்டை எடுங்கள்.

ஒரு ராட்டினத்தில் ஒரு தடவைக்கு 24 பேர் ஏறலாம். ஏறி, சுற்றி, இறங்க 3 நிமிடம். ஒரு மணி நேரத்தில் எத்தனை சுற்று? 20. எத்தனை பேர்? 480. இதுதான் அந்த ராட்டினத்தின் வடிகால். இதற்குமேல் ஒருவரைக்கூட அது வேகமாக அனுப்பாது.

சாதாரண நாளில் மணிக்கு 400 பேர் வருகிறார்கள் என்று வைப்போம். 480 பேரை அனுப்ப முடியும். ஆட்கள் சீராக வராமல் கும்பல் கும்பலாக வருவதால் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். விடுமுறை நாளில் மணிக்கு 600 பேர். ஒவ்வொரு மணிக்கும் 120 பேர் மிச்சம். காலை 10 மணிக்குத் தொடங்கினால் பகல் ஒரு மணிக்கு 360 பேர் வரிசையில் நிற்பார்கள். அப்போது கடைசியில் வந்து சேர்கிறவர் காத்திருக்கும் நேரம்? 360-ஐ 480-ஆல் வகுங்கள். முக்கால் மணி. அதாவது 45 நிமிடம்!

பார்த்தீர்களா? கூட்டம் ஒன்றரை மடங்குதான் ஆனது. காத்திருப்பு மட்டும் ஏறத்தாழ ஒன்றுமில்லாததிலிருந்து 45 நிமிடத்துக்குப் போய்விட்டது. வடிகாலின் அளவை வரத்து ஒருமுறை தாண்டிவிட்டால் இப்படித்தான். இந்த வகைக் கணக்கைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தொலைபேசி அழைப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்று கணக்கிட்டு 1909-ல் கட்டுரை எழுதினார்.

இன்னும் கொஞ்சம் போகலாமா? ஒரு மணிக்குப் பிறகு வரத்து 500 ஆகக் குறைகிறது. அப்போதும் 480-ஐவிட அதிகம்தான். ஆகவே மாலை 4 மணிக்கு வரிசையில் 420 பேர். மே மாத வெயில் ஏன் ஏப்ரலைத் தாண்டிச் சுட்டது என்பதற்கும், மாலை நான்கு மணி வரிசை ஏன் பகல் வரிசையைவிட நீளம் என்பதற்கும் காரணம் ஒன்றே. இதில்தான் எனக்கு அறிவியல்மீது அத்தனை பிரியம்.

அதே விடுமுறை நாளில் பூங்கா திறந்த அரை மணிக்குள் அந்த ராட்டினத்துக்குப் போனால்? சேர்ந்திருப்பவர்கள் 60 பேர். ஏழரை நிமிடத்தில் ஏறிவிடலாம். கதவு திறக்கும்போதே வாசலில் இருப்பது அவ்வளவு பெரிய லாபம். எல்லோரும் ஆசைப்படும் பெரிய ராட்டினத்துக்கு முதலில் ஓடுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த நாளில் வரத்து கூடும்? தியாகராஜர் ஆராதனைக்கும் ஆடிப்பெருக்குக்கும் உங்கள் காவிரிக்கரை நிரம்புவதைப் பார்த்திருக்கிறீர்களே! எல்லோருக்கும் தேதி ஒன்றாக இருப்பதால் எல்லோரும் ஒன்றாக வருகிறார்கள். பூங்காவுக்கு அந்தத் தேதியைக் குறிப்பது பள்ளிக்கூட மணி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை கோடை விடுமுறை. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை. டிசம்பர் கடைசியில் அரையாண்டு. பிறகு பொங்கல். தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மூடுகின்றன. குடும்பங்கள் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன.

டிக்கெட் விலையையும் பார்க்கச் சொல்லுங்கள். சில பூங்காக்கள் வார நாளுக்கு ஒரு விலையும் விடுமுறை நாளுக்குக் கூடுதல் விலையும் வைக்கின்றன. எந்த நாளுக்கு விலை கூடுதலோ, அந்த நாளில் கூட்டம் வரும் என்று பூங்காவே எதிர்பார்க்கிறது. நல்ல துப்பு அல்லவா?

அடுத்தது மழை. தமிழ்நாட்டின் ஒரு வருட மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. சென்னைக் கரையில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். நவம்பரில் போனால் கூட்டம் இருக்காது. ராட்டினமும் ஓடாமல் போகலாம். கூட்டம் குறைந்த நாள்களில்தான் சில ராட்டினங்களைப் பழுதுபார்க்க நிறுத்துவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மின்னல் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உயரமான இரும்பு ராட்டினம் மின்னலுக்கு எளிதான இலக்கு. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். ராட்டினத்தை நிறுத்துகிற ஊழியர்மீது கோபப்பட வேண்டாம். உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் நிறுத்துகிறார்.

இப்போது பதில் சொல்கிறேன். திருவையாற்றுப் பிள்ளைக்கு என் தேர்வு மாசி மாதத்துச் சனிக்கிழமை. மாசி என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. சென்னையில் அப்போது மழை மிகக் குறைவு. வெயில் இன்னும் சேரவில்லை. நீண்ட விடுமுறை எதுவும் இல்லை. பலருக்குச் சனிக்கிழமை வேலை இருப்பதால் ஞாயிறைவிடக் கூட்டம் குறையும். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் வார நாள்களில்தான் வரும்.

இன்னொரு காரணம் உங்கள் ஊருக்கே உரியது. அப்பா விவசாயி என்றால், தை மாதத்தில் சம்பா அறுவடையில் இருப்பார். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு அவர் சற்று மூச்சுவிடும் மாதம் மாசி. கையில் கொஞ்சம் காசும் இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு தஞ்சாவூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால், பூங்கா திறக்கும்போது வாசலில் நிற்கலாம்.

ஒரு குறை உண்டு. தண்ணீர்ச் சறுக்கில் நனைந்து வெளியே வந்தால் காலையில் குளிரும். ஈரம் குறைந்த காற்றில் ஆவியாதல் வேகம் அதிகம் அல்லவா? ஆகவே காலையில் ராட்டினம், வெயில் ஏறியபின் தண்ணீர். மாசியில் முடியாவிட்டால் காலாண்டு விடுமுறையில் ஒரு வார நாள். ஆயுத பூஜையையும் காந்தி ஜெயந்தியையும் விட்டுவிடுங்கள். அக்டோபர் நடுவுக்குள் போய்வந்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் அக்கா இருக்கிற வீட்டுக்கும் இதுதான் பொருத்தம். மாசியில் அவர்களுக்குத் தேர்வு நேரம்.

சென்னைக்குச் சொன்ன மாதம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. கொச்சி வொண்டர்லா பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மே மாதமும் சென்னையைவிடக் குளுமை. ஊர் மாறினால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

பூங்காவுக்குக் கிளம்பும் முன் வீட்டுப்பாடம் ஒன்று. அசோகா அல்வா வாங்கக் கடைக்குப் போகும்போது, உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 5 நிமிடத்தில் எத்தனை பேர் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள் என்றும் எண்ணுங்கள். உங்கள் முறை எப்போது வரும் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, கணக்கு எவ்வளவு தூரம் சரியாக வந்தது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.