விமானம் ஓட்டாத விமான வேலை

பர்கூர் ஜவுளிக் கடைத்தெருவில் ஒரு சேலை இன்று விற்கவில்லை என்றால் கடைக்காரர் பதறமாட்டார். மடித்து அலமாரியில் வைப்பார். ஆடியில் தள்ளுபடி போடுவார். அப்போதும் போகாவிட்டால் மூட்டையோடு சேர்த்து வெளியூர் வியாபாரிக்குத் தள்ளிவிடுவார். சேலத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்தில் 70 சொச்சம் இருக்கைகள். அதில் பத்து காலியாகப் போனால், அந்தப் பத்தை எந்த ஆடியிலும் விற்க முடியாது. சக்கரம் தரையை விட்ட நொடியிலேயே சரக்கு கெட்டுவிட்டது.

அதனால்தான் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட வெவ்வேறு கட்டணம் கொடுத்திருக்கிறார்கள். எந்த நாளில், எத்தனை இருக்கையை, என்ன விலைக்குத் திறப்பது என்று கணக்குப் போடுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வருவாய் மேலாண்மை என்று அதற்குப் பெயர். அங்கே வேலை செய்ய விமானம் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. எண்ணும் சந்தையும் தெரிந்தால் போதும்.

விமானத் துறை என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது இரண்டு வேலைகள்தான்: பைலட், ஏர்ஹோஸ்டஸ். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரியிலோ இறுதியாண்டு படிக்கும் பிள்ளை “ஏர்போர்ட் மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறேன்” என்றால், “அது என்ன வேலைங்க?” என்றுதான் வீட்டில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

என்ன வேலை?

ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் மொட்டாக வெட்டப்படும் ரோஜாவைப் பின்தொடர்ந்தால் பாதி பதில் கிடைத்துவிடும். வெட்டிய தண்டு உடனே தண்ணீருக்குள், அங்கிருந்து குளிர் அறைக்கு. கட்டுக் கட்டாகப் பெட்டியில் அடுக்கி, குளிரூட்டிய வண்டியில் தேவனஹள்ளிக்கு, அதாவது பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்குப் போகிறது. அங்கே பயிர்நலச் சான்று, சுங்கம், எக்ஸ்ரே சோதனை, பிறகு விமானத்தின் வயிற்றில் இடம். காதலர் தினத்துக்கான பூ ஜனவரி கடைசியிலேயே கிளம்பத் தொடங்கிவிடும். வழியில் எங்காவது ஒரு பெட்டி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால் வெளிநாட்டில் அது விலை போகாது. இந்தச் சங்கிலி அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர் சரக்குப் பிரிவு மேலாளர்.

மீதிப் பாதியை 2025 டிசம்பர் முதல் வாரம் நாட்டுக்கே காட்டியது. இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விமானம் இருந்தது, ஓடுதளம் இருந்தது, பயணிகளும் இருந்தார்கள். விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டி, இரவுத் தரையிறக்கத்தைக் குறைத்து வந்த புதிய பணிநேர விதிக்கு ஏற்ப நிறுவனம் ஆள் கணக்கைப் போட்டு வைக்கவில்லை. பொறி பழுதாகி நின்ற விமானங்கள் அல்ல அவை; திட்டமிடல் தவறியதால் நின்றவை.

வழித்தடம் தேர்வு, பணியாளர் அட்டவணை, தரைப்பணி, சரக்கு, பாதுகாப்பு மேலாண்மை, விமானக் குத்தகை, முனையத்தில் கடைகளை வாடகைக்கு விடுவது வரை எல்லாமே மேலாளர்கள் பார்க்கும் வேலை. இந்தியாவில் 2014இல் 74 விமான நிலையங்கள் இயங்கின. பத்தாண்டில் அந்த எண்ணிக்கை 150ஐத் தாண்டிவிட்டது. 2023இல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் வாங்க ஒப்பந்தம் போட்டன. அவை வந்து சேர்ந்து முடிய இன்னும் பல ஆண்டு ஆகும்.

என்ன படிப்பு? எங்கே?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, விமானத் துறை மேலாண்மையில் எம்பிஏ. டேராடூனின் யுபிஇஎஸ் பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. வேறு சில தனியார் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. பொதுவான எம்பிஏ பாடங்களோடு விமானப் போக்குவரத்துப் பொருளாதாரம், விமான நிலையத் திட்டமிடல், விமானச் சட்டம், சரக்கு ஆகியவற்றையும் படிக்க வேண்டும். சட்டப் பாடம் ஏட்டில் தூங்கும் பாடம் அல்ல. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாக பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய நோட்ஸ் வைத்துப் பாடம் நடத்தும் கல்லூரியை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது, முதுநிலைப் பட்டயம். உத்தரப் பிரதேசம் அமேதி மாவட்டம் ஃபர்சத்கஞ்சில் உள்ள ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகம் மத்திய அரசுடையது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. விமான நிலைய இயக்கத்தில் அது நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பு 18 மாதம். வகுப்பறைப் படிப்போடு விமான நிலையத்தில் களப் பயிற்சியும் அதில் அடக்கம். எம்பிஏவைவிடக் குறுகியது, வேலைக்கு நெருக்கமானது.

மூன்றாவது, வெளிநாடு. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் விமானப் போக்குவரத்து மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் தருகிறது. அதன் வளாகத்திலேயே சொந்த விமான நிலையம் இருக்கிறது. பிரான்சில் தூலூஸ், அமெரிக்காவில் எம்ப்ரி-ரிடில் என்று வேறு பெயர்களும் உண்டு. செலவு பெரிது. அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்ற கணக்கில் கடன் வாங்கிப் போவது சூதாட்டம். துறையில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

அதிகம் பேசப்படாத வழி

இந்திய விமான நிலைய ஆணையத்தில் ‘ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் – விமான நிலைய இயக்கம்’ என்றொரு பணி உண்டு. ஆணையத்தின் அறிவிக்கைகளில் அதற்குக் கேட்கப்படும் தகுதி: அறிவியல் பட்டத்துடன் எம்பிஏ, அல்லது பொறியியல் பட்டம். விமானத் துறையில்தான் எம்பிஏ முடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000 ரூபாயில் தொடங்குகிறது. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 27. பிற பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் இயற்பியலோ வேதியியலோ படித்த பெண் 21 வயதில் பட்டம் வாங்குகிறாள். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் சாதாரண எம்பிஏ சேர்ந்தால் 23இல் முடிக்கிறாள். ஆணையத்தின் தேர்வு எழுத இன்னும் நாலு ஆண்டு கையில் இருக்கிறது. இந்த வேலை கிடைக்காவிட்டாலும் ஓசூர் தொழிற்சாலைகளில் அந்த எம்பிஏ செல்லும். விமானத்துக்கென்றே படித்த எம்பிஏவுக்கு அந்த வசதி குறைவு. பொறியியல் படித்தவருக்கு எம்பிஏவே தேவையில்லை.

ஓசூர் விமான நிலையம் வரும்வரை காத்திருக்கலாமா?

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அன்று முதல் ‘உள்ளூரிலேயே ஏர்போர்ட் வேலை’ என்ற விளம்பரப் பலகைகளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

ஆனால் பெங்களூரு விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்துடன் மத்திய அரசு 2004இல் செய்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்த நிலையம் திறந்து 25 ஆண்டு ஆகும்வரை, மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் சுற்றளவில் போட்டி நிலையம் கூடாது. திறந்தது 2008 மே மாதம். கெடு முடிவது 2033. ஓசூர் மட்டுமல்ல, பர்கூரும் அந்த வட்டத்துக்குள்தான். தேவனஹள்ளிக்குப் பர்கூரிலிருந்து வான்வழியில் சுமார் 100 கிலோமீட்டர். சேலம் வட்டத்துக்கு வெளியே விழுகிறது. காகிதத்தில் இருக்கும் ஒரு பிரிவு ஒரு மாவட்டத்தின் வானத்தையே பூட்டி வைக்கும் என்பதுதான் விமானத் துறை மேலாண்மையின் முதல் பாடம்.

ஓசூருக்கு விமானம் புதிதல்ல. பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுதளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. சிறு விமானங்களை அங்கே உருவாக்கியும் இருக்கிறார்கள். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியின் ஐந்து முனைகளில் ஓசூரும் ஒன்று. விமான உதிரிபாகத் தொழிற்சாலைகளில் கொள்முதல், தரம், தளவாடம் பார்க்கும் மேலாளர் வேலை இன்றைக்கே இருக்கிறது. 2024–25இல் 4 கோடிக்கும் அதிகமான பயணிகளைக் கையாண்ட பெங்களூரு நிலையம் பர்கூரிலிருந்து மூன்று, நாலு மணி நேரப் பேருந்துப் பயணத்தில். காத்திருக்கத் தேவையில்லை.

பணம் கட்டும் முன்

இந்தத் துறையில் நிறுவனங்கள் திடீரென்று சாயும். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். சேலத்துக்குப் பறந்துகொண்டிருந்த ட்ரூஜெட்டும் இன்று இல்லை. 2020இல் கொரோனா ஊரடங்கில் உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் தரையிலேயே நின்றன. வேலை என்றாலே ஷிஃப்ட். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வர முடியாத வேலை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருபவர் நிலைப்பார்.

சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். தருவது யுஜிசி ஏற்பு பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டமா, நிறுவனம் தானே அச்சடித்த சான்றிதழா? களப் பயிற்சி எந்த விமான நிலையத்தில், எத்தனை மாதம், எழுத்தில் தருவீர்களா? போன ஆண்டு முடித்தவர்கள் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள்? செக்-இன் கவுன்ட்டரில் நிற்பதும் மரியாதையான வேலைதான். ஆனால் அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும், பல லட்சம் கொட்டி எம்பிஏ படிக்க வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசின் தாட்கோ நிறுவனம் இத்தகைய பயணிகள் சேவைப் பயிற்சியைத் தன் செலவிலேயே அளித்துவருகிறது.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆணையத்தின் வேலைக்கு அறிவிக்கையும் தேர்வும்தான் வாசல். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் பஸ் ஏறி சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்குப் போய் வாருங்கள். சிறிய நிலையம்; யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று வெளியே நின்றே ஓரளவு பார்த்துவிடலாம். போய்வர ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.