உழைப்பாளர் சிலையை வடித்த வங்காளி

பெங்களூர்த் தமிழர்களுக்குச் சிலை என்றதும் அல்சூர் ஏரிக்கரைதான் நினைவுக்கு வரும். 1991-இல் திறப்பதாக இருந்து, 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று வெளிச்சம் கண்ட வள்ளுவர் சிலை. விழாவுக்கு வந்த இரு மாநில முதல்வர்களின் பெயரும் நம்மவர்களுக்குத் தெரியும். சிலையை வடித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

கோடை விடுமுறைக்குச் சென்னை போனால் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன் படம் எடுத்துக்கொள்கிறோமே, அங்கும் இதே கதைதான். அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-இல், இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்க்பூர்ப் பகுதியில் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வெள்ளையர்களே வகித்து வந்த அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். பிழைப்புக்கு வேற்றூர் போன நம்மைப் போலத்தான் அவரும். ஆனால் 30 ஆண்டுகள் போல அங்கேயே வேரூன்றி, கே.சி.எஸ். பணிக்கர், தனபால் போன்ற மாணவர்களை உருவாக்கினார். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் என்று வேறு பித்துகளும் உண்டு. வங்காளியில் கதைகளும் எழுதினார்!

உழைப்பாளர் சிலை 1959-இல், குடியரசு நாளையொட்டி நிறுவப்பட்டது. அதே காலத்துச் சோவியத் நாட்டிலும் உழைப்பாளிகளுக்குச் சிலை எழுப்பினார்கள். வேரா முகினா என்ற பெண் சிற்பி 1937 பாரிஸ் கண்காட்சிக்குச் செய்த எஃகுச் சிலை 24 மீட்டருக்கும் அதிக உயரம். அதில் ஆணும் பெண்ணும் சுத்தியலையும் அரிவாளையும் வானுக்கு உயர்த்தியபடி முன்னே பாய்கிறார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவர்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டவர்கள்.

ராய் சௌத்ரியின் நால்வர் கோவணம் கட்டியவர்கள். பாறை இன்னும் நகரவில்லை. 'உழைப்பின் வெற்றி' என்பது சிலையின் பெயர். சிலையிலோ உழைப்பு மட்டுமே தெரிகிறது. இதுதான் உண்மை என்பது என் கட்சி. என் தந்தை இங்கே பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்து திண்ணையில் உட்காரும்போது அவர் முதுகும் அப்படித்தான் இருக்கும். அந்த முதுகை ஜமீன் வழிவந்த ஒருவர் எப்படிக் கண்டுகொண்டார் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

1954-இல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரானார், 1958-இல் பத்மபூஷண் பெற்றார், 1975-இல் மறைந்தார். பாட்னாவில் 1942 போராட்டத்தில் குண்டுக்கு இரையான ஏழு மாணவர்களின் நினைவுச் சிலையும் அவர் கைவண்ணமே.

மெரினாவின் காந்தி சிலையும் அவருடையதுதான். உழைப்பாளர் சிலையிலிருந்து அங்கே நடந்தே போகலாம். பிள்ளைகளுடன் போகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள்.